திரு. அவருதானுங்க

கண்ணாயிரம் என்று பெயர் வைத்ததே தப்பு என்று மயிலாத்தாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆயிரம் கண் இருந்து என்ன செய்ய, எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும் மனுஷனை அதற்கு ஆள் தெரியவில்லையே.

கண்ணாயிரம் ஓர் இயந்திரம். கோவையில் ஒரு கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பீரோ அளவில், பச்சை நிறத்தில் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பெயர் அது. கண்குழிக்குள், கருவிழிக்கும் பின்னால், லட்சத்தில் ஒருவருக்கு வரும் கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லாததால் புதிதாக ஒரு சட்டம் வந்தது. நோய்க்குப் பெயர் சொல்லும் உரிமை இனி இயந்திரத்துக்கு மட்டுமே. டாக்டர்கள் வெட்டலாம், தைக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லலாம். ‘இது இன்ன நோய்’ என்று வாய் தவறிச் சொன்னால், அடுத்த வாரம் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

மயிலாத்தாள் கிணத்துக்கடவுப் பக்கம். தேங்காய் பறிக்கும் இயந்திரக் குரங்குகளை வாடகைக்கு விடுவது அவள் தொழில். நாற்பதடி மரத்து உச்சியில் இருக்கும் குரங்குக்குக் கீழே நின்றபடியே கட்டளை போடும் குரல் அவளுக்கு. அவள் புருஷன் அதற்கு நேர்மாறு. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சின்ன வயதில் கிட்டிப்புள் அடித்து அவருடைய இடது கண் மங்கிப்போயிருந்தது. வலது கண்ணை வைத்துத்தான் அவர் உலகத்தைப் பார்த்து வந்தார். கட்டி வந்ததோ அந்த வலது கண்ணுக்குப் பின்னால்.

கல்யாணமான வருடமே அது முதலில் தலைகாட்டியது. கண் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. வெட்டி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில், மறுபடி வெட்டி எடுத்தார்கள். இப்போது மூன்றாவது முறையாக வந்து, சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்த கண்ணாயிரம் அன்று காலை தீர்ப்பு வாசித்தது. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் புத்தகங்களை மட்டுமே கொடுத்திருந்தார்கள். அதனால் அது வாய் திறந்தாலே பட்டிமன்ற மேடை ஞாபகம் வரும்.

“திரு. அவருதானுங்க அவர்களின் வலது கண்குழியில் இதுகாறும் மூன்று வெவ்வேறு அரிய கட்டிகள் தோன்றியுள்ளன. மூன்றும் மூன்று பெயரின. இத்தகைய கண்குழி மேலும் பல கட்டிகளை ஈன்றெடுக்கும். ஆகவே கண்குழி முழுவதையும் ஒழித்திடுக.”

நாற்காலியில் இருந்த புருஷன் மெதுவாகத் திரும்பி, யார் இந்த அவருதானுங்க, வடநாட்டுக்காரரா என்று மனைவியைக் கேட்டார். மயிலாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

டாக்டர் ஹெப்சிபா இருவரையும் தன் அறைக்குக் கூட்டிப்போனார். நாசரேத்துக்காரர். கோவைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. ஒழிப்பது என்றால் என்ன என்று அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கண், இமை, பின்னால் இருக்கும் சதை, நரம்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். எலும்பு மட்டும் மிஞ்சும். அதன் மேல் ஒரு துணித் திரை மாதிரி தோல் வைத்துத் தைப்பார்கள். மயிலாத்தாள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எக்கா, இது மூணு கட்டி இல்லன்னு எனக்குத் தோணுது,” என்றார் டாக்டர். “ஒரே கட்டி. மொதல்ல எடுத்தவங்க துண்டு துண்டா எடுத்திருக்காங்க. மிச்சம் கெடந்தது திரும்ப வளந்திருக்கு. அந்தக் காலத்துல இந்த ஒரே சாமானுக்கு ஆளாளுக்கு ஒரு பேரு வச்சிருந்தாங்க. நான் சொன்னா சட்டப்படி குத்தம். அதனால நான் சொல்லல, தோணுதுன்னுதான் சொல்லுதேன்.”

ஒரே கட்டி என்றால் என்ன ஆகும் என்று மயிலாத்தாள் கேட்டாள். கண்ணை எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் அதன் உறையோடு, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். ஆனால் சட்டம் வருவதற்கு முன் டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெயரை, அந்தச் சதையை நேரில் பார்க்காமல் மாற்றக் கண்ணாயிரத்துக்கு அதிகாரம் இல்லை. வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், எத்தனை வருடமானாலும் கெடாது. அந்த இரண்டையும் வரவழைத்து, இப்போது எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, ஒரு சாயம் ஊற்றினால் அரை நாளில் தெரிந்துவிடும். பழைய சதையைப் பார்க்காமலே கட்டிகளின் பெயர் மட்டும் கண்ணாயிரத்துக்கு எப்படித் தெரிந்தது என்று டாக்டருக்கே ஒரு சந்தேகம்.

“நாந்தானுங்க சொன்னேன்,” என்றாள் மயிலாத்தாள். “மொத தடவ வந்தது ஹிமாஞ்சியோபெரிசைட்டோமா. ரெண்டாவது ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமாங்க.” நாக்குப் புரளாமல் சொன்னாள். டாக்டர் ஒரு கணம் அசந்துபோனார். முதல் வருடத்து மாணவர்கள் இதில் பாதியைச் சொல்வதற்குள் தண்ணீர் கேட்பார்கள்.

சரி, அந்த மெழுகுத் துண்டுகளை வரவழைப்போம் என்று டாக்டர் தேடினார். அவருதானுங்க என்ற பெயரில் தமிழ்நாட்டில் எங்கேயும் ஒரு துண்டுகூட இல்லை. முன்பு என்ன பெயரில் சேர்த்தீர்கள் என்று கேட்டதும் மயிலாத்தாளின் குரல் முதன்முறையாக இறங்கியது.

மயிலாத்தாள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். கார் தானாக ஓடுகிறது, குரங்கு தானாகத் தேங்காய் பறிக்கிறது, இந்தக் காலத்தில் இதென்ன என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் எல்லோரும் கேட்டாயிற்று. அவர் பெயர் நஞ்சப்பன். அந்தப் பெயர் மட்டுமில்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொல்லையும் அவள் தொடமாட்டாள். நஞ்சை நிலத்தை வயக்காடு என்றுதான் சொல்வாள். பிரசவத்தின்போது நர்ஸிடம், “அவரு கொடி வந்துருச்சுங்களா?” என்று கேட்டு, பிரசவ அறையையே குழப்பியவள். நர்ஸ் வெளியே போய், வந்திருப்பவர்களில் கட்சிக்காரர் யாராவது உண்டா என்று விசாரித்துவிட்டு வந்தாளாம்.

அடையாள அட்டை, கைரேகை எல்லாவற்றையும் திருடர்கள் நகல் எடுத்துவிட்டதால், அவற்றை ஒழித்துவிட்டு, கூட வந்த உறவினர் வாயால் சொன்னதே பதிவு என்று அரசாங்கம் வைத்திருந்தது. நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வது செல்லாது. எடையிலும் குடியிலும் எல்லோரும் பொய் சொன்னதால் வந்த ஏற்பாடு அது. ஆகவே மூன்று முறையும் பெயர் கொடுத்தது மயிலாத்தாள்தான். முதல் ஆஸ்பத்திரியில், சிவபெருமான் தொண்டையில் நின்றதே அது, அதோடு ஓர் அப்பன் என்று குறிப்புக் கொடுத்தாள். பக்திமானான எழுத்தர் சந்தோஷமாக நீலகண்டன் என்று பதிந்துகொண்டார். இரண்டாவது இடத்தில், மகள் பெயரைச் சேர்த்து, எங்க சுகந்தி அப்பன் என்றாள். சுகந்தியப்பன் ஆனார். கோவையில் எழுத்தரே கிடையாது, கண்ணாயிரம்தான். நோயாளியின் பெயரை மொழிக என்று அது கேட்டபோது, மயிலாத்தாள் நாற்காலியைக் கைகாட்டி, “அவருதானுங்க” என்றாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாயிரத்திடம் போய், இந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்று எடுத்துச் சொன்னார். ஒருவருடைய சதையை இன்னொருவருக்காக வரவழைப்பது தண்டனைக்குரியது என்றது அது. நஞ்சப்பனே நேரில் போய், நான்தான் நீலகண்டன், நான்தான் சுகந்தியப்பன், நான்தான் இதுவும் என்று சொல்லிப் பார்த்தார். “நோயாளி தம்மை மூவர் என்கிறார். மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக்கவா?” என்று கண்ணாயிரம் டாக்டரைக் கேட்டது. கடைசியில் அதுவே வழியும் சொன்னது. பெயர் கொடுத்தவர் எவரோ, அவரே தம் குரலால், ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே, உண்மைப் பெயரை மொழிந்தால் திருத்தம் ஏற்கப்படும்.

மயிலாத்தாள் டாக்டரின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு பெரிய குரல்காரி, சத்தமே இல்லாமல் அழுதாள். நஞ்சப்பன் வெளியே பெஞ்சில் இருந்தார்.

“பழக்கத்துக்காகச் சொல்லாம இருக்கறன்னு எல்லாரும் நெனைக்கறாங்க டாக்டரம்மா. அப்படியில்லீங்க. கல்யாணமான புதுசுல ஒரு தடவ சொல்லிப்போட்டேன். ரசத்துல உப்பு இல்லைன்னு சொன்னாருன்னு கோவத்துல பேரச் சொல்லித் திட்டிட்டேன். பத்து நாள்ல கண்ணு வெளிய வந்துருச்சுங்க. பேரச் சொல்லிக் கண்ணக் கெடுத்துட்டயேன்னு எங்க மாமியா ஊரையே கூட்டிருச்சு. அதுக்கப்புறம் எப்படீங்க சொல்லுவேன்?”

டாக்டர் ஹெப்சிபா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரசத்துக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம், அது எல்லா டாக்டரும் சொல்வது. இந்தப் பெண் இத்தனை வருடமாக அந்தக் கண்ணைத் தானே பிதுக்கி வெளியே தள்ளியதாக நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். இப்போது அதே கண்ணைக் காப்பாற்ற, எதைச் செய்ததால் கெட்டது என்று நம்புகிறாளோ, அதையே மூன்று தடவை செய்யச் சொல்கிறார்கள்.

டாக்டர் ஒரு யோசனை சொன்னார். கண் எவ்வளவு முன்னால் துருத்தியிருக்கிறது என்று அளக்க ஒரு கண்ணாடிச் சட்டம் உண்டு. ஒவ்வொரு தடவை பெயர் சொன்ன பிறகும் அதை வைத்து அளப்போம். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் நிறுத்திவிடலாம். மயிலாத்தாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அவர் காதில் விழாமல் இருந்தால் இன்னும் நல்லது என்றாள். பஞ்சு கொண்டுவந்தார்கள்.

அப்படியாக, உலகத்தின் தலைசிறந்த கண்நோய் கண்டறியும் இயந்திரத்தின் முன்னால், காதில் பஞ்சு அடைத்த ஒரு மனுஷர் நாற்காலியில் உட்கார, ஒரு டாக்டர் அவர் முகத்தில் சட்டத்தை வைத்து அளந்து, பதினெட்டு என்றார். மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். மாரியாத்தாவைக் கூப்பிட்டாள். இருமினாள். நகரின் கொசுக்களைப் பற்றிக் குறை சொன்னாள். தண்ணீர் குடித்தாள்.

“முதற்பதிவு. நீலகண்டன். உண்மைப் பெயரை மொழிக,” என்றது கண்ணாயிரம்.

“நஞ்சப்பன்,” என்றாள். கொசு முனகுவதுபோல் வந்தது.

“குரல் போதவில்லை.”

“நஞ்சப்பன்,” என்றாள் கொஞ்சம் உரக்க. டாக்டர் அளந்தார். பதினெட்டு. சத்தியமா, நீங்களே பாருங்க என்று காட்டினார். மயிலாத்தாள் குனிந்து, சட்டத்தின் கோட்டை ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்துத் திருப்திப்பட்டாள்.

இரண்டாம் பதிவுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. மறுபடி பதினெட்டு. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மூன்றாவது தடவை, மரத்துக் குரங்குக்குக் கட்டளை போடும் அதே குரலில், “நஞ்சப்பனுங்க” என்றாள். நடையில் போய்க்கொண்டிருந்த இரண்டு நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் சட்டத்தை வைத்தார். பத்தொன்பது.

மயிலாத்தாளுக்கு உயிரே போய்விட்டது. நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று சுவரோடு சாய்ந்தாள். டாக்டர் நஞ்சப்பனின் முகத்தை நன்றாகப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். காதுப் பஞ்சு ஒன்று மடியில் கிடந்தது.

“எண்ணே, மூச்ச விடுங்க,” என்றார் டாக்டர்.

நஞ்சப்பன் விட்டார். விட்டதும் அழுகை வந்துவிட்டது. பெண்டாட்டி தன் பெயரைச் சொல்லி இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறோமே என்று பஞ்சு நழுவி அந்த மூன்றாவது குரல் காதில் விழுந்ததும் அழுகை முட்டியதாம். ஆஸ்பத்திரியில் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாராம். டாக்டர் திரும்ப அளந்தார், பதினெட்டு. மூச்சை அடக்கி முக்கினால் யாருக்கும் கண் கொஞ்சம் முட்டத்தான் செய்யும் என்று மயிலாத்தாளுக்கு விளக்கினார். அவள் நம்பாமல், டாக்டரையே மூச்சைப் பிடிக்கச் சொல்லி, அளந்து பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கண்ணாயிரம் தொண்டையைச் செருமியது. அப்படிச் செருமவும் யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

“மூவரும் ஒருவரே என ஏற்கப்பட்டது. நீலகண்டன், சுகந்தியப்பன் ஆகிய இருவரின் பதிவுகளும் முடித்துவைக்கப்பட்டன. தங்கள் கணவர்கள் இருவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். தாங்கள் இரண்டு கைம்பெண் உதவித்தொகைகளுக்குத் தகுதி பெறுகிறீர்கள்.”

மயிலாத்தாள் அந்த உதவித்தொகையை வேண்டாம் என்று சொல்வதற்குள், அன்று சாயங்காலமே சுகந்தியின் கைப்பேசிக்கு இரங்கல் செய்தி போய்விட்டது. அவளைச் சமாதானப்படுத்தவே இரண்டு நாள் ஆனது. அப்பா உயிரோடுதான் இருக்கிறார், செத்தவர்கள் வேறு இரண்டு அப்பாக்கள் என்று மயிலாத்தாள் விளக்கியது நிலைமையை மேலும் மோசமாக்கியது.

மெழுகுத் துண்டுகள் வந்தன. சாயம் ஊற்றினார்கள். மூன்றிலும் செல்களின் நடுப்புள்ளி ஒரே மாதிரி பழுப்பாக மாறியது. பெயர்கள் மூன்றாயினும் கட்டி ஒன்றே, தனித்த நார்க்கட்டி, கண்குழியை ஒழிக்க வேண்டியதில்லை என்று கண்ணாயிரம் தன் தீர்ப்பைத் திருத்தி வாசித்தது. டாக்டர் ஹெப்சிபா ஒரு முழுக் காலைப் பொழுதையும் செலவழித்து, கட்டியை உறையோடு, முட்டையை ஓடு உடையாமல் எடுப்பதுபோல் எடுத்தார். கட்டு அவிழ்த்த அன்று நஞ்சப்பன் வலது கண்ணால் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொன்னார். மணி தப்பு. கடிகாரம்தான் நின்றுபோயிருந்தது. மயிலாத்தாள் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று கண்ணாயிரம் கடைசி அறிக்கையை வாசித்தது. கட்டி திரும்பவும் வரலாம், வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் சொன்னது. பிறகு கட்டியின் வயது. மயிலாத்தாளுக்கு அது புரியவில்லை. செல் ஒன்று இரண்டாகும்போது சின்னச் சின்ன எழுத்துப்பிழை விழும், முழுக் கட்டியும் கையில் கிடைத்ததால் பிழைகளை எண்ணி, எப்போது ஆரம்பித்தது என்று கணக்குப் போட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

“இக்கட்டி திரு. நஞ்சப்பன் அவர்களின் பதினேழாம் அகவையை ஒட்டித் தோன்றியது. கண்ணை வெளித்தள்ளும் அளவு வளர ஏறத்தாழ எட்டாண்டுகள் எடுத்தது.”

மயிலாத்தாள் மெதுவாக விரல்விட்டு எண்ணினாள். அவருக்குப் பதினேழு வயது என்றால், தான் பள்ளிக்கூடத்தில். அவரை அப்போது பார்த்ததே இல்லை. கல்யாணம் இல்லை, ரசம் இல்லை, உப்பு இல்லை. சண்டை நடந்தபோது அந்தக் கட்டி ஏற்கெனவே கண்ணுக்குப் பின்னால் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் அவள் தோளைத் தொட்டார். இத்தனை வருடப் பாரம் இறங்கும்போது ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் தயாராக இருந்தார்.

மயிலாத்தாள் கண்ணைத் துடைத்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தது.

“அப்ப நா வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சா? கட்டியோட இருந்த மாப்பிள்ளைய எங்க தலைல கட்டி வெச்சுப்போட்டு, நா பேரச் சொன்னதாலன்னு உங்கம்மா என்னைய இத்தன வருசம் பேச வெச்சுதா?”

நஞ்சப்பன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாயிரம் தொண்டையைச் செருமி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

மயிலாத்தாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

“நஞ்சப்பா, வண்டியக் கூப்புடுங்க. உங்கம்மாவப் பாக்கோணும்.”